லைன் உண்டோ?

கடைக்குள் நுழைந்ததும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் வாசம் மூக்கில் ஏறும்... வெளியே பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டு வெயில். உள்ளே அந்த வாசமும், தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேனும். இருபத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அந்த மெடிக்கல் ஷாப்பில்தான்.

நான் இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். மலையை விட்டு இறங்கி இவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை.

கூட வேலை பார்த்த பிந்து சேச்சிக்குப் பேச்சு நிற்காது. பாதி மலையாளம், பாதி தமிழ். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், ஸ்டாக் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஊர்ல லைன் வல்லதும் உண்டோடீ?"

வல்லதும் என்றால் ஏதாவது. நான் யோசிக்கவே இல்லை.

"உண்டு சேச்சி. பத்து வீட்டு லைன். நாங்க கடைசியில இருக்கோம்."

"பத்தோ!"

கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள்... கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் விளக்கினார். அங்கே லைன் என்றால் காதல். காதலிக்கும் ஆளுக்கும் அதே பெயர்தான்.

மதுரைப் பக்கத்துச் சொந்தக்காரப் பையன்கள் "லைன் அடிக்கிறது" என்று பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது வெறுமனே பின்னால் சுற்றுவது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலேகூட நடக்கும். பாலக்காட்டு லைனோ இரண்டு பேரும் சம்மதித்த விஷயம்.

எங்கள் எஸ்டேட்டில் லைன் என்றால் வீடு. தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் வீட்டுச் சுவரில் கேட்கும்.

இதைச் சொன்னதும் பிந்து சேச்சி இன்னும் சிரித்தார். நானும் சிரித்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சேச்சி அந்தத் தமாஷைப் பக்கத்துத் தையல் கடையில் சொல்ல, அங்கிருந்து அது கை மாறிக் கை மாறி, சிரிப்பெல்லாம் உதிர்ந்து, நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்காரர் சரஸ்வதி அக்கா. நெல்வயலும் தென்னந்தோப்பும் உள்ள கொங்குத் தமிழ்க் குடும்பம். மாடி அறையில் என்னை வைத்திருந்தார். நான் சின்னப் பெண்தான் என்றாலும் "வாங்க கண்ணு, சாப்புடுங்க கண்ணு" என்பார். அன்று சாயங்காலம் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க கண்ணு, மலையில உங்களுக்கு லைன் இருக்குதாமா? அதும் பத்துன்னு பேசிக்கறாங்க. எம்புள்ளைக்கு மாப்ள பாத்துட்டிருக்கறமுங்க. இந்தப் பேச்செல்லாம் எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க. வேற எடம் பாத்துக்குங்க."

அவசரமாகச் சொன்னேன்.

"ஐயோ, லைன்னா வீடுக்கா! நாங்க குடியிருக்கிற வீடு!"

"ஊட்டுக்கு எவனாச்சும் லைன்னு பேர் வெப்பானா?"

பதில் சொல்வது சுலபம்தான். ஆனால் வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? அறை கேட்டு வந்த முதல் நாள் அக்கா அப்பாவைப் பற்றி விசாரித்தார். நான் "எஸ்டேட்" என்றேன். "ஓ, எஸ்டேட்டுக்காரருங்களா!" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். எஸ்டேட் அப்பாவுடையது என்று அவராக நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது லைன் என்னவென்று விளக்கினால், அப்பா யார் என்றும் சொல்லியாக வேண்டும்...

மாடிக்குப் போனேன். பெட்டியிலிருந்து அம்மாவின் கடிதம் ஒன்றை எடுத்து வந்தேன். உறையின் பின்பக்கம் அம்மா முழு விலாசமும் எழுதியிருந்தார். டிவிஷன் பெயர், லைன் நம்பர், வீட்டு நம்பர். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்பா உரம் போடுற வேலைக்கா. அம்மா கொழுந்து கிள்ளுறாங்க. நான் தெளிவாச் சொல்லியிருக்கணும். சொல்லல."

அக்கா உறையை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கேட்டார்.

"வேல முடிஞ்சு நின்னுட்டா, ஊடு?"

"கம்பெனிக்கே குடுத்துட்டுப் போயிரணும்க்கா."

"போயி?"

"தெரியல."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "செரி... மேல போயி மூஞ்சி கழுவிட்டு வா. தோச ஊத்தறேன்."

நான் அந்த வீட்டில் மேலும் மூன்று வருடம் இருந்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அக்காவின் பேச்சில் "வாங்க" வரவே இல்லை. "வா", "போ", "தின்னியா?" அவ்வளவுதான். மகளிடம் பேசுவது போலத்தான் என்னிடமும் பேசினார். வயலில் வேலைக்கு வரும் பெண்களிடமும் அப்படியேதான் பேசுவார். இரண்டில் நான் எது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம் என் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவரும் அவர்தான்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். என் மகளுக்கு லைன் என்ற சொல்லே பழசு. அவள் கூட்டத்தில் எல்லாம் க்ரஷ். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வீட்டை ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்துவிட்டார்கள்.

போன மாதம் மலைக்குப் போனபோது, பார்த்துவிட்டு வரலாமே என்று எங்கள் பழைய வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவில் வேறு பெயின்ட். உள்ளிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து கிள்ள வந்தவளாம், அப்புறம் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தமிழ் தெரியவில்லை, மலையாளமும் தெரியவில்லை. எனக்கு அவள் பாஷை தெரியாது. யாரைத் தேடுகிறேன் என்று கையாலேயே கேட்டாள்.

எப்படிச் சொல்வதென்று புரியாமல் நெஞ்சில் கை வைத்து, அவள் வீட்டைக் காட்டி, "என் லைன்" என்றேன்.

அவள் என்னையும் வீட்டையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, உள்ளே வரச்சொல்லி வழிவிட்டு நின்றாள்.