வெள்ளைக்கோட்டுக்கு இடப்பக்கம்: கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்கு சைக்கிளில்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி சைக்கிள் குழுவோடு பசுவந்தனை வரை போய் வந்தேன். போக இருபது கிலோமீட்டர், வர இருபது. எங்கள் வீடு இதே சாலையில் பாதி வழியில் இருக்கிறது. தினமும் போகிற சாலையைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அன்று அது நான் போகிற சாலை மாதிரி இல்லை. இந்த வழியாக சைக்கிளில் வர நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். படித்த பிறகு நீங்களும் குழம்பினால் மன்னிக்கவும்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். பிரஸ் எட்டரைக்குத் திறப்பார்கள். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஒன்பது மணிக்கு. அதனால் சைக்கிள். மார்கழியில் ஒரு நாள் காலை, சாலையின் இடது ஓரத்தில் யாரோ உளுந்து காயப்போட்டிருந்தார்கள். நான் ஓரத்து வெள்ளைக்கோட்டைத் தாண்டி நடுவில் வந்தேன். பின்னால் ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்தது. பயத்தில் இடப்பக்கம் ஒடித்தேன். உளுந்தைச் சுற்றி வைத்திருந்த கல்லில் முன்சக்கரம் ஏறி விழுந்தேன். முழங்கையில் தோல் போயிற்று, வேறொன்றும் இல்லை.

வீட்டில் லாரியைப் பற்றித்தான் பேசினார்கள். உளுந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்த மாசச் சம்பளத்தோட நின்னுரு. சம்பாதிச்சுக் கிழிச்சது போதும். கைகாலோட வீட்டுல கெட."

வேலையை விட எனக்கு மனமில்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் சைக்கிள் குழுவின் அட்டைகள் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தன. "வெள்ளைக்கோட்டுக்கு இடப்பக்கம் சைக்கிளுக்கு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்தோம். வாங்க வந்தவர் செல்வி அக்கா. ஒரு பேங்கில் வேலை, குழுவை நடத்துவதும் அவர்தான். அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டி வரைக்கும் போனேன். நானும் வரலாமா என்று கேட்க வாயெடுத்து, "கயிறு இறுக்கமா இருக்கா அக்கா?" என்று கேட்டேன். அவர்தான் ஓரமாக நின்ற என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "நீயும் நம்ம கட்சியா? அப்ப ஞாயித்துக்கிழமை வாயேன்" என்றார். கூட்டமாகப் போவதால் வீட்டிலும் விட்டார்கள்.

சனிக்கிழமை இரவு கோவில்பட்டியில் சித்தி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்ட் அருகே கூடினோம். முப்பது பேர் இருக்கும். கட்டணம் கிடையாது. கொண்டு போக வேண்டியது தண்ணீரும் டீ வடைக்கு இருபது ரூபாயும்தான். எல்லோர் கேரியரிலும் அந்த அட்டையைக் கட்டினார்கள்.

புறப்படும் முன் செல்வி அக்கா விதியைச் சொன்னார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிற ஒன்றரை முழத் தாரில்தான் போக வேண்டும். அடைத்துக்கொண்டு எது இருந்தாலும் மணியடித்துவிட்டு வெளியே வந்து, தாண்டியதும் மறுபடி உள்ளே போக வேண்டும். கடைசியாக வருகிறவர் அந்த இடத்தில் ஒரு கைப்பிடி கோலப்பொடி போட வேண்டும். முன்னால் போகும் இரும்புக்கடை அண்ணாச்சியின் ஹேண்டில்பாரில் போன் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கும். பிறகு அதைச் சாலை அலுவலகத்தில் காட்டி, பாதையை ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள்.

யாரும் பார்க்கக் கூடாது என்று நான் கடைசியில் போய் நின்றேன். அதனால் கோலப்பொடிப் பை என்னிடம் வந்துவிட்டது.

கோவில்பட்டியைத் தாண்டுவதற்குள் பொடி போட்டுக் கை வெளுத்துவிட்டது. பரோட்டாக் கடை முன்னால் நின்ற லாரி. ஒரு ஜல்லிக் குவியல். சாலைக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்த சீமைக்கருவேல முள். தாரை விட்டு மண்ணில் இறங்கிப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போக முடியாது. கரிசல் மண் ஈரத்தில் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பில் டயர் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை வீடியோவில் விளக்கிக் காட்ட அண்ணாச்சி தானே மண்ணில் இறங்கினார். கியர் சைக்கிள், ஹெல்மெட், எல்லாம் இருந்தது. பத்தடி போனதும் முன்சக்கரம் வெடிப்பில் மாட்டி மெதுவாகச் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, வீடியோ ஓடுதா?" என்று யாரோ கத்தினார்கள்.

"அத அணைச்சுத் தொலைங்கலே!" என்றார் படுத்துக்கொண்டே.

ஏழு மணிக்கு எங்கள் ஊர் நெருங்கியது. தூரத்தில் சாலையோரம் மஞ்சளாகத் தெரிந்தது. மக்காச்சோளம். சனிக்கிழமை காலை நான் வேலைக்குப் போகும்போது அங்கே ஒன்றும் இல்லை. அன்று பகலில் மெஷினை வரவழைத்து எங்கள் சோளத்தை அடித்திருக்கிறார்கள் என்று, நடுவில் பாதத்தை இழுத்து இழுத்துச் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது அம்மா.

சோளம் தாரை முழுதாக அடைத்திருந்தது. வெள்ளைக்கோட்டின் மேல் வரிசையாகக் கற்கள். முன்னால் போனவர்கள் மணியடித்தார்கள், பின்னால் வந்தவர்களும் அடித்தார்கள். அம்மா நிமிர்ந்தாள்.

"என்ன, சாமி சப்பரம் எதுவும் வருதா?"

அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார். விழுந்த கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. "ஏம்மா, ரோடு என்ன ஒங்க களமா? சைக்கிள்ல போறவன் எங்கன போவான்?"

"களத்துல எடம் இருந்தா இங்கன வந்து லாரிப் புகையக் குடிக்கணும்னு எங்களுக்கு வேண்டுதலா அண்ணாச்சி? ஊருக்கே ஒரு களம். எங்க முறை வாரதுக்குள்ள சோளம் பூஞ்சை பூத்துப் போவும். ஈரச் சோளத்த யாவாரி கையால தொட மாட்டான்." ஒரு சோள மணியை எடுத்துக் கடித்துக் காட்டினாள். "பாருங்க, பல்லு பதியுது. 'கடக்'குனு ஒடைஞ்சாத்தான் காஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"சரி, காயட்டும். இம்புட்டுப் பெரிய கல்லு எதுக்கு? மோதுனா மண்டை ஒடையும்லா?"

"கல்லு இருந்தாத்தான் லாரிக்காரன் ஒதுங்குவான். நின்னு பாருங்களேன். சோளம் கெடக்குற எடத்துலதான் அவன் மெதுவாப் போறான். மத்த எடத்துல எப்படிப் பறக்கான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் வந்தது. கற்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, நடுச்சாலைக்கு ஒதுங்கி, எங்களைத் தாண்டியதும் மறுபடி சீறிக்கொண்டு போனது. அண்ணாச்சியின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுதானா ஒன் கூட்டம்? கையில என்னது?"

"கோலப்பொடி."

"எதுக்கு?"

நான் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். செல்வி அக்காதான் சொன்னார். "சைக்கிள் போக முடியாத எடத்துல அடையாளம் வைக்கோம்மா. ஆபீஸ்ல காட்டிக் கேக்குறதுக்கு."

அம்மா என் கேரியரில் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு சோளத்தைப் பார்த்தாள். "சோளத்துல பொடியக் கொட்டிராதட்டி" என்றாள். என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எம்புட்டு எடம் வேணும்?" என்று கேட்டாள்.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினேன். ஹேண்டில்பாரின் அகலத்தைப் பார்த்தாள். இரண்டு காலாலும் சோளத்தை வயல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள். கற்களைத் தொடவில்லை. அவை வெள்ளைக்கோட்டின் மேலேயே இருந்தன. கல்லுக்கும் சோளத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற சந்து உண்டாயிற்று.

"லாரிக்கும் ஒனக்கும் நடுவுல கல்லு. போதுமா?"

செல்வி அக்கா சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இதத்தான நாம கேக்கப் போறோம்?"

"அதுக்காக இத விட முடியுமா? இம்புட்டு நேரம் அடைச்சுத்தான கெடந்துச்சு. பொடி போடு தாயி."

"இப்பத்தான் வழி இருக்குல்லா" என்றார் செல்வி அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பிடிப் பொடியைக் கொட்டவில்லை. சோளத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சந்தின் ஓரத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். சோளம் திரும்பச் சரிந்து வராமல் இருக்கத்தான்.

"இது எந்தக் கணக்குல வரும்? தடையா, பாதையா?" என்று அண்ணாச்சி கேட்டார். முப்பது பேரும் அந்தச் சந்து வழியாக ஒவ்வொருவராகப் போனோம். "சோளத்துல ஏறுனா வெரட்டிட்டு வருவேன்" என்று அம்மா பக்கத்தில் நின்று எல்லோரையும் எண்ணெயே இல்லாமல் பொரித்துக்கொண்டிருந்தாள்.

பசுவந்தனைக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டீயும் உளுந்த வடையும் நன்றாக இருந்தன. உளுந்தைப் பார்த்ததும் முழங்கை ஞாபகம் வந்தது. செல்வி அக்கா போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "தினமும் போறவ நீதான். ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றார்.

"லாரி மெதுவாப் போகணும்" என்றேன்.

"அப்ப சோளத்த எடுக்க வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

"தெரியல அண்ணாச்சி."

"நல்லாப் போச்சு போ."

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. நான் எங்கள் ஊரிலேயே பிரிந்துவிட்டேன். சாயங்காலம் சோளத்தைக் குவித்துத் தார்ப்பாயால் மூட அம்மாவுக்கு உதவினேன். கடைசிக் கல்லைத் தார்ப்பாய் மேல் தூக்கி வைக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"அடுத்த மாசமும் வேலைக்கு சைக்கிள்ல போகவா?"

"சோளம் கெடக்குற வரைக்கும் போ. நான் ரோட்டுல நிப்பேன்லா, கல்லும் கெடக்கும். அள்ளுன பொறவு பாப்போம்."

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சாலை அடைத்துக் கிடக்கும்வரை நான் போகலாம். காலியானால் போக முடியாது. குழு கேட்பது சாலையோரத்தைக் காலி செய்ய. நானும் அதைத்தான் கேட்டு முப்பது பேரோடு போனேன். அம்மா சொல்வது தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. என்னைத் தள்ளிய கல்லும் காப்பாற்றுகிற கல்லும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோவில்பட்டியில் இப்போது வாடகை சைக்கிள் கிடைப்பதில்லை, சொந்த சைக்கிளோடு வாருங்கள். ஆறு மணிக்குள் கிளம்பினால் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். வழியில் நிழல் குறைவு. கரிசல் மண்ணில் இறங்காதீர்கள், அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் வந்தால் ஓரத்தில் சோளமும் உளுந்தும் கிடக்கும். முன்னாலேயே மணியடியுங்கள், யாராவது நிமிர்ந்து வழி சொல்வார்கள். பங்குனியில் வந்தால் ஓரம் காலியாக இருக்கும். லாரிகளும் அதற்குத் தகுந்த வேகத்தில் வரும்.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சாலையைக் கடக்கும் முன் சந்தில் சைக்கிளை நிறுத்தி ஒரு சோள மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறேன். நல்ல விலை வர வேண்டுமென்றால் அது காய்ந்திருக்க வேண்டும். தெரியும். ஆனாலும் பல் பதிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இன்று காலை 'கடக்' என்று உடைந்தது. அம்மா பாதத்தை இழுத்துச் சோளத்தைக் கிளறிக்கொண்டே, "என்னட்டி, காஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் காயணும்மா" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.