கூரை போட்ட பாலம்

தோட்டச் சாமான் கடையில் அடுக்கியிருந்த மரக்கம்பங்களில் தார் மணத்தது. அம்மாவோடு போயிருந்த என்னை அந்த மணம் ஏழு வயதுக்குத் திருப்பிக் கொண்டுபோனது.

அப்போது ஜெர்மனியில் எங்கள் அகதி விடுதிக்குப் பக்கத்து ஆற்றில் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருந்தது. உள்ளே பகலிலும் இருட்டு, இதே தார் மணம். பலகை இடுக்கில் தண்ணீர் ஓடுவது தெரியும். பாலத்தின் பாதியோடு எங்கள் மாவட்டம் முடிந்தது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அதைத் தாண்ட எங்களுக்கு அனுமதியில்லை. அக்கரை விடுதியில் இருந்த சித்திக்கும் அப்படித்தான். ஞாயிறுதோறும் அம்மாவும் சித்தியும் நடுவில் ஆளுக்கொரு பக்கம் நின்று கதைப்பார்கள். ஒருமுறை தாண்டிப்போய் அம்மா பொலிஸிடம் பிடிபட்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, வயிற்றில் பிள்ளையோடு வந்த சித்தி பாலத்தின் அக்கரை வாசலில் தடுக்கி விழுந்தார்.

“அக்கா, எழும்ப ஏலாமக் கிடக்கு. வாங்கோ!”

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“இன்னொருக்காப் பிடிச்சா எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களடி,” என்று அழுதார்.

சைக்கிளில் வந்த ஒரு ஜெர்மன்காரிதான் சித்தியைத் தூக்கினாள். பிள்ளை தங்கவில்லை.

பிறகு அந்தப் பாலத்தைப் பிரித்துக் கொங்கிரீட் பாலம் கட்டினார்கள். சித்தி கனடா போய்விட்டார். அம்மாவிடம் இப்போது ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது.

கடையில் அந்தக் கம்பங்களின் முன்னால் அம்மாவும் நின்றுவிட்டார்.

“அண்டைக்கு நான் போயிருக்கலாம், என்ன?” என்று கேட்டார்.

நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.