பெட்ரோல் மிச்சம் பிடித்த நால்வர்

மகள் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறாள். போன வாரம் முதன்முதலாக அதில் ஏறினேன். பெல்ட்டை மாட்டி, கைப்பையை மடியில் வைத்து, கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் பின்னால் போனது. கிளம்பிவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தம் இல்லை, போகட்டும். பெட்ரோல் வாசமும் இல்லை. மற்றவர்களுக்கு அந்த வாசம் பட்டால் தலை சுற்றும். எனக்கு அது இல்லாமல் சுற்றியது.

என் மூக்கைக் கெடுத்தவர் மணியம் அண்ணன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் குமாஸ்தா, அவர் ஸ்டோர் கீப்பர். அவருடைய காடியில் (எங்கள் பக்கம் காருக்கு அதுதான் பெயர்) ஏறி இறங்கினால் சேலையில் பெட்ரோல் மணக்கும். சாம்பிராணி போட்டாலும் போகாது.

அந்த நாளில் பிறையில் பார்க்கும் பக்கமெல்லாம் புதுக் கட்டடம். தூரத்தில் புகைபோக்கி புகை கக்கினால் எங்கள் மேனேஜர் ஜன்னலருகே கூப்பிட்டுக் காட்டுவார். "பாத்தீங்களா? வளர்ச்சி!" புகை குறைந்த நாளில் அவர் முகம் வாடிவிடும். அப்படிப்பட்டவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும், ஊழியர்கள் சேர்ந்து ஒரே காரில் வர வேண்டும், நன்றாகச் செய்யும் குழுவுக்குப் பரிசு உண்டு.

கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவிலிருந்து தினமும் வந்தவர்கள் நாங்கள் நாலு பேர். மணியம் அண்ணன், நான், மெக்கானிக் லிம், கணக்குப் பிரிவு பரமேஸ்வரி அக்கா. அண்ணனைத் தவிர மற்ற மூவரும் அதுவரை பஸ்ஸில் வந்தவர்கள். எங்களை ஏற்றுவதற்காக அண்ணனின் காடி தினமும் ஜார்ஜ்டவுனையே ஒரு சுற்றுச் சுற்றியது. இதில் மிச்சம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். வீட்டு வாசலில் காடி வருவது சுகமாக இருந்தது.

அண்ணனோ விரதம் பிடிப்பதுபோல் மிச்சம் பிடித்தார். சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைப்பார், இறக்கத்தில் அணைப்பார். கடல் பாலத்துப் பக்கமே போக மாட்டார், காடியோடு ஆளை ஏற்றிப் போகும் ஃபெரிதான். ஏறியதும் அணைத்துவிட்டு, "சொட்டு பெட்ரோல் எரிக்காம கடலையே தாண்டுறோம்லா!" என்பார்.

எங்களோடு பழகித் தமிழ் கற்றிருந்த லிம், மேலே போகும் கரும்புகையை ஒருநாள் அண்ணாந்து பார்த்தான்.

"அப்போ ஃபெரி என்ன குடிக்குது, அண்ணே? கடல் தண்ணியா?"

"அது அவங்க கணக்கு, தம்பி. நம்ம கணக்குல வராது."

தலைமை அலுவலகத்தார் எங்களைப் பார்க்க வரும் நாளும் வந்தது. எட்டு மணிக்கு வாசலில் படம் எடுக்கப் போகிறார்களாம். அன்று ஃபெரி அக்கரைத் துறையான பட்டர்வொர்த்தில் ஒதுங்கியதும் அண்ணன் சாவியைத் திருப்பினார். காடி இருமியது. மறுபடி திருப்பினார். இருமலும் நின்றுவிட்டது. பின்னால் நின்ற அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன.

"எறங்குங்க, தள்ளணும்!"

பரமேஸ்வரி அக்கா அசையவில்லை. "பட்டுச் சேலையோட நான் காடி தள்ளணுமா, மணியம்?"

"அப்ப ஸ்டியரிங்கைப் பிடிங்கக்கா. நேரா வெச்சா போதும்லா."

அக்கா அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். ஃபெரியைத் தாண்டியதும் இறக்கம். காடி எங்கள் கையைவிட்டுக் கிளம்பியது. நாங்கள் பின்னால் ஓடினோம்.

"மணியம், பிரேக் எது?"

"நடுவுல உள்ளதுக்கா! நடுவுல!"

ஒரு காவலாளி துள்ளி ஒதுங்கினார். காடி அழகாக வளைந்து, நாசி லெமாக் சோறு விற்கும் கடைக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. பதறிப்போய்க் கதவைத் திறந்தால், அக்கா கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சும்மா சொல்லக் கூடாது மணியம், நல்லா ஓடுது."

அதன் பிறகு காடி எங்கே ஓடியது! எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிய ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போனார். வழி நெடுக லாரியின் புகையைக் குடித்துக்கொண்டே போனோம். வாசலில் மேனேஜரும் விருந்தினர்களும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பியபோது ஒரே உறுமல், ஒரே புகை. புகை கலைந்ததும் பார்த்தால் வெள்ளைச் சட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

பரிசு போச்சு என்று நினைத்தேன். மேனேஜர் இருமி முடித்து, நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார். "இவங்க இன்னைக்கு ஃபெரியிலேருந்து இங்க வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவு செய்யல!"

எல்லோரும் கை தட்டினார்கள். பரிசாக ஆளுக்கொரு கட்டுப் பெட்ரோல் கூப்பன் கொடுத்தார்கள்.

கூப்பன் வீணாகக் கூடாது என்று அக்கா அந்த வாரமே கார் பழகச் சேர்ந்தார். பழகியதும் புதுக் காடி வாங்கினார். அப்புறம் லிம் வாங்கினான். எனக்கும் சம்பளம் உயர்ந்தது, நானும் வாங்கினேன். மேனேஜர் சொன்ன வளர்ச்சி எங்கள் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பாலத்து நெரிசலில் சில காலை பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொல்வார். வாய் அசைவது மட்டும் தெரியும்.

இப்போது ஃபெரியில் காடி ஏற்றுவதில்லை. அந்தத் தொழிற்சாலையும் இல்லை. அண்ணனும் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு மூன்று காடி நிற்கிறது. காலையில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆளோடு கிளம்புகிறது. அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தி, "அக்கா, கிளம்பியாச்சா?" என்று ஹாரன் அடிக்க யாரும் இல்லை.