என் கணவர் தோற்க வேண்டும் என்று கேட்டேன்

அம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பணம் வரத் தொடங்கியது. அந்தப் பணத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

பர்மாவில், யாங்கூன் நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். என் கணவர் செல்வம் கைப்பேசி பழுது பார்க்கிறவர். யாரோ அவரை ஒரு சூதாட்ட விடுதிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே கிராப்ஸ் என்று ஓர் ஆட்டம். நீள மேசையில் இரண்டு பகடைகளை உருட்டுவது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தோற்றால் அடுத்த ஆட்டத்தில் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். மறுபடி தோற்றால் அதற்கும் இரண்டு மடங்கு. எப்படியும் ஒரு தடவை ஜெயிப்போம், அப்போது போனதெல்லாம் திரும்பிவிடும் என்பார்.

திரும்பத்தான் செய்தது. வாரக்கணக்கில் ஜெயித்தார். கடைக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் பகடையை உருட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் கேட்டால் மகள் தீபா காதைப் பொத்திக்கொள்வாள். கூப்பிட்டால் திரும்புவார், ஆனால் எங்களைப் பார்க்க மாட்டார்.

பிறகு அந்த விடுதியில் பழக்கமான கோ ஜோ வீட்டுக்கு வந்தான். "கோ செல்வம், இங்க மேசைக்கு வரம்பு இருக்கு. அதுக்கு மேல கட்ட விடமாட்டாங்க. தாய்லாந்து எல்லைப் பக்கம் வாங்க. அங்க வரம்பே கிடையாது" என்று பர்மியில் சொன்னான். கோ என்றால் அண்ணன்.

அந்தப் பக்கம் போய், அடைத்து வைக்கப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவன் போனதும் கணவரிடம் சொன்னேன்.

"போகாதீங்க. எனக்கு மனசே சரியில்ல."

"நீ சும்மா இரு தனம். என் கணக்கு தப்பாது."

கிளம்பும் நாள் வந்தது. சாயங்காலம் கார் வரும். வழிச் செலவுக்குக் கொஞ்சம் ஆடிவிட்டு வருகிறேன் என்று மதியமே விடுதிக்குப் போனார். நான் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கட்டினவனின் கெடுதலைக் கேட்கலாமா என்று உடம்பெல்லாம் பயம். கடைசியில் கேட்டேன். "தாயே, அவர் தோக்கணும். இன்னிக்கே தோக்கணும்."

கார் வந்தது. அவர் வரவில்லை. உள்ளே, எல்லைக்குப் போக மாவ்பி ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். "வந்துடுவாரா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோ ஜோ என் கணவருக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தான். பிறகு காரை எடுக்கச் சொன்னான்.

இருட்டும் நேரத்தில் என் கணவர் நடந்தே வந்தார். பஸ்ஸுக்குக்கூடக் காசு இல்லை.

"தோத்துக்கிட்டே இருந்தேன் தனம். ஒரு தடவை ஜெயிச்சா எழுந்து வந்திருப்பேன். கடைசியில ரெண்டு மடங்கு கட்டப் போனேன், வரம்பு தாண்டிருச்சுன்னு வாங்க மாட்டேன்னுட்டான். வரம்புக்குள்ள கட்டினதும் போச்சு."

சேர்த்தது மட்டும் இல்லை, அவர் எடுத்துப்போயிருந்த என் நகையும் தொலைந்திருந்தது. அவர் அழுதார். என் வேண்டுதல்தான் இவரை அழித்துவிட்டதோ என்று அன்றைக்கு அம்மனைப் பார்க்கவே அஞ்சினேன்.

சில வாரம் கழித்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அந்த மாவ்பிக்காரரின் மனைவி, மா சூ. கணவரிடமிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்ததாம். "யாரையும் இங்க வர விடாதே" என்று அவர் சொல்லும்போதே யாரோ போனைப் பிடுங்கிவிட்டார்களாம். என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவர் கடைக்குப் போகிறார். பகடையைத் தொடுவதில்லை. போனது போனதுதான், கஷ்டம் இருக்கிறது. ஆனால் மாலையில் மனிதர் வீட்டுக்கு வருகிறார்.

கேட்கவே பயமாக இருக்கிறதா? அதையும் அம்மனிடம் கேளுங்கள். எது நல்லது என்று அவளுக்குத் தெரியும். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். மா சூவின் கணவர் இன்னும் வரவில்லை. இன்றைக்கு விளக்கு ஏற்றும்போது அவரும் வீடு வந்து சேர வேண்டும் என்று கேளுங்கள்.