ஜமீலா அக்கா பாதியில் விட்ட பழமொழி

காலையில் போன் வந்தது. ஜமீலா அக்கா போய்விட்டார்... எங்கள் கம்பெனி கேன்டீனில் டோக்கன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

போன வாரம்கூட, "என்ன செல்வி, பலாப்பழ சீசன் வந்துடுச்சு, ஒரு சுளையக்கூட கண்ணுல காட்ட மாட்டேங்குற" என்று வம்புக்கு இழுத்தார். நம்பவே முடியவில்லை.

சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக ஒருநாள் போர்டில் எழுதிப் போட்டார். "உண்ட வீட்டுக்கு..." அவ்வளவுதான்.

"என்னக்கா, சாக்பீஸ் தீந்துபோச்சா?" என்று கேட்டார் ஒரு எலக்ட்ரீஷியன்.

"மீதி உனக்குத் தெரியாதா தம்பி?"

அவர் அசடு வழியச் சிரித்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் எனக்கு அக்கா என்றால் பஸ்தான் ஞாபகம் வரும்.

நாங்கள் சில பெண்கள் வடக்குத்து கிராமத்திலிருந்து வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள். அப்போதெல்லாம் ஷிஃப்ட் பஸ் டவுன்ஷிப் ஆர்ச்சோடு திரும்பிவிடும். அதுவரை நடந்துபோய், பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. இனி லேட்டாக வந்தால் பேரையே எடுத்துவிடுவேன் என்று கான்ட்ராக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

பஸ் விடுகிற அதிகாரிக்கு மனு எழுதினேன். எத்தனையோ முறை கேட்டும் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று ஆவேசமாக ஆரம்பித்திருந்தேன்.

அக்கா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டி, பஸ் கேக்குறியா, சண்டைக்குப் போறியா? செவிடன் யாருன்னு அந்த சார் கேட்டா என்ன சொல்லுவ?"

"வேற எப்பிடிக்கா எழுதறது? நாங்களும் கேட்டுகினேதான இருக்கோம்..."

பேனாவை வாங்கி அவரே எழுதினார். பஸ் ஆர்ச் வரை வருகிறது, ஊருக்குள் வரவில்லை ஐயா. கைக்கு எட்டியது...

"மீதிய அவரு வாயால சொல்லட்டும். தானே சொன்னத யாரும் லேசுல மறுக்க மாட்டாங்க."

மனுவைக் கொடுத்ததும் அந்த அதிகாரி சார் எங்கள் எதிரிலேயே சத்தமாகப் படித்தார். "கைக்கு எட்டியது... ம், வாய்க்கு எட்டலைங்கிறீங்க." சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் பஸ் ஊருக்குள் வந்தது. என் வேலை தப்பியது... என் பெண்ணின் படிப்பும்.

அக்காவுக்கு அந்த பஸ்ஸால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். எங்களுக்காக மெனக்கெட்டார். அந்த நன்றி என் உயிர் உள்ளவரை இருக்கும்.

மதியம் அக்காவின் சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் அடக்கம். கேன்டீனே திரண்டு போயிருந்தோம்.

அக்கா... நாளைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட். பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும், ஏறிவிடுவேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.