ஒரு அவுட் குறைவு

வெர்லின் ஸ்டக்கிக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் வாரத்துக்கு ஆறு நாள் சோள லாரிகளை எடை போட்டார். ஞாயிறு மதியம் உள்ளூர் பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதினார். இருபத்தெட்டு வருஷத்தில் எடையிலும் சரி, ஸ்கோரிலும் சரி, யாருக்காகவும் கை கோணியதில்லை.

அந்தக் கோடையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. அணியின் மட்டைக்காரன் கிப் லாசிட்டர் பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிட்டு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஹோம் ரன் அடித்திருந்தான். அதே அணியில் பந்து வீசும் பிட்சர் ஆர்வில் டென்ஷாவின் பெயரில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெற்றிகள். முந்நூறா பெரிது, இருநூறா பெரிது என்று காப்பிக் கடையில் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"மட்டைக்காரன் நாலு தடவை கோட்டைவிட்டுட்டு அஞ்சாவது தடவை தூக்கி அடிச்சா போதும், ஹீரோ. பிட்சர் ஒரு பந்துல சறுக்கினா ஆட்டமே போச்சு. இதையும் அதையும் எப்படிய்யா ஒண்ணா வைக்கிறீங்க?" என்று வெர்லின் எரிந்து விழுவார்.

அணி முதலாளி டுவெய்ன் ப்ரூவிட்டுக்குப் பந்து வெளியே பறந்தால்தான் கூட்டம் வரும் என்ற கணக்கு. வசந்தத்திலேயே இடது பக்க வேலியை முப்பது அடி உள்ளே நகர்த்திவிட்டான். வெர்லின் தனியாகப் போய் நாடா வைத்து அளந்து பார்த்தார். குமட்டிக்கொண்டு வந்தது. வேலி எங்கே இருக்க வேண்டும் என்பது ஸ்கோரர் வேலை இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில் ஆர்வில்தான் வீசினான். நாலாவது இன்னிங்ஸ் முடியப்போகும் நேரத்தில் எதிரணி வீசிய ஒரு பந்தைக் கிப் தூக்கினான். வேலி பழைய இடத்தில் இருந்திருந்தால் சுலபமாகப் பிடித்திருப்பார்கள். வெளியே போய் விழுந்தது. முந்நூறு! ஆட்டத்தை நிறுத்தினார்கள். கேக், மேயர் பேச்சு, பேண்டு வாத்தியம், மைதானத்துக்குள் ஒரு புது டிராக்டர் ஊர்வலம். நாற்பது நிமிஷம்.

ஆர்விலுக்கு வயது முப்பத்தொன்பது. உட்கார்ந்த இடத்திலேயே தோள் இறுகிவிட்டது. ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை எப்படியோ அவுட்டாக்கினான். அதற்குப் பிறகு பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. நாலு பந்து தப்பாகப் போனால் எதிராளி சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம்; அப்படி மூன்று பேர் அடிக்காமலே நடந்துபோய் பேஸ்களை நிரப்பினார்கள். மேனேஜர் அவனை வெளியே எடுத்தார். அணி ஜெயித்தது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முழுசாக வீசினால்தான் வெற்றி அவன் பெயருக்கு. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; ஒரே ஒரு அவுட் குறைந்தது.

ப்ரூவிட் ஸ்கோர் மாடத்துக்கு ஏறி வந்தான். மீசையில் கேக் கிரீம்.

"வெர்லின், ஆர்வில் அஞ்சு இன்னிங்ஸ் வீசினான்னு போட்டுடுய்யா. ஒரே நாள்ல ரெண்டு சாதனை! பேப்பர்காரன் கீழ நிக்கிறான்."

"அவன் தோளைக் கெடுத்ததே உன் கேக்கு. இப்ப அதுக்குப் பரிகாரமா? வாயைத் தொடச்சிட்டு எறங்கு."

அவன் போனதும் ஆர்வில் வந்தான். தோளில் ஐஸ் கட்டு. உட்காரவில்லை.

"எம் பேருக்கே எழுதிடு, வெர்லின். இந்தக் கை இனி வராது. எனக்குத் தெரியும்."

இந்த ஊரில் வெர்லின் மதித்த ஒரே ஆட்டக்காரன் இவன்தான். ஆனாலும் பென்சிலை எடுத்து, வெற்றி என்ற கட்டத்தில் அடுத்து வந்து வீசிய பிட்சரின் பெயரை எழுதினார்.

ஆர்வில் குனிந்து பார்த்தான். கோபப்படவில்லை. பக்கத்தை ஒரு விரலால் மேலே தேடி, கிப்பின் வரிசையில் நாலாவது இன்னிங்ஸ் கட்டத்தில் நிறுத்தினான். வெர்லினின் அழகான கையெழுத்தில் அங்கே ஹோம் ரன் இருந்தது.

"வேலிய நகத்தினது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொன்னியா?"

ஆர்வில் படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை.

பக்கத்தின் அடியில் ஸ்கோரர் கையெழுத்துப் போட வேண்டும். வெர்லின் போட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தன் பெயரைப் பார்த்தே அவருக்குக் குமட்டியது.