நான்கு வரிகளும் அரை மணி நேரமும்

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கிடங்கு. அதன் மெயின்ஃப்ரேம் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது எங்கள் இருவரின் வேலை. நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவனுக்கு ஊர் பக்கத்திலேயே, பிள்ளைப்பாக்கம்.

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு ஜாபை, அதாவது கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுப்பை, யாரும் எழுதுவதில்லை. பழையதைக் காப்பி அடித்து, பெயரை மாற்றி ஓட்டிவிடுவோம். பாகங்களைத் தேடித்தரும் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ஜாபும் அப்படி வந்ததுதான். அத்தனை பாக எண்களையும் வரிசைப்படுத்த அதற்குத் தற்காலிகமாக இடம் வேண்டும். அதை ஒர்க் ஃபைல் என்போம். என்றோ யாரோ நாலு ஒர்க் ஃபைலுக்கு நாலு வரி எழுதி, அளவையும் குறித்துவிட்டுப் போயிருந்தார். கிடங்கு பெருத்துவிட்டது. அந்த நாலு வரி மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமையே அவன் சொன்னான். "அந்த நாலு லைனையும் தூக்கிடு. எவ்ளோ இடம் வோணும்னு அதுவே பாத்து எடுத்துக்கும்."

"ஓடிட்டிருக்கிற ஜாபை எதுக்கு நோண்டணும்?" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வெறும் வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வந்தேன். அவன் அம்மா காஞ்சிபுரத்தில் ஐசியுவில் இருந்தார். சாயங்காலம் நாலரைக்கு ஓட்டிய ஜாப் ஐந்துக்குச் சற்று முன்பு விழுந்தது. ஒர்க் ஃபைலில் இடமில்லை. இண்டெக்ஸ் பாதியில் நின்றுவிட்டது. அது இல்லாமல் ஒரு பாகம்கூடத் திரையில் வராது. ஏழு மணிக்கு லாரிகளில் ஏற்றத் தொடங்குவார்கள். அவனுக்குப் போன் செய்தேன்.

"இன்னா, வுழுந்துச்சா?" என்றான். திட்டவில்லை. ஐசியு வாசலில் நிற்பதாகவும், ஐந்திலிருந்து ஐந்தரை வரைதான் உள்ளே விடுவார்கள் என்றும் சொன்னான். நாலு வரியையும் எடுக்கச் சொன்னான். பாகப் பட்டியல் இருக்கும் டேபிளில் எத்தனை பதிவுகள் என்ற பழைய கணக்கையும் முதலில் புதுப்பிக்க வேண்டும் என்றான். அது தப்பாக இருந்தால் ஜாப் கேட்கும் இடமும் தப்பாகிவிடும். அதை முடித்து ஜாபைத் திரும்ப ஓட்டியபோது மணி ஐந்து பத்து.

"ஓடுது" என்றேன்.

"அப்ப வச்சிடட்டா? அம்மா முயிச்சிக்கினு கீதாம், நர்ஸு சொன்னாங்க."

அவன் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. எனக்கு அது தெரியும். "போன தடவை விழுந்த இடத்தைத் தாண்டுற வரைக்கும் லைன்ல இருடா, பயமா இருக்கு" என்றேன்.

இருந்தான். ஜாப் அந்த இடத்தைத் தாண்டியது. அதற்குள் அந்தப் பக்கம் யாரோ, "டைம் முடிஞ்சிருச்சு சார், நாளைக்கு வாங்க" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. மறுநாள் விடிவதற்குள் அவன் அம்மா போய்விட்டார். அன்றைக்கே மேனேஜர் என்னைப் பாராட்டி எல்லோருக்கும் மெயில் போட்டார். தலைப்பைப் பார்த்ததுமே அதைத் திறக்காமல் அழித்தேன்.

காரியம் முடிந்து வந்தவன் முதலில் அந்த ஜாபைத்தான் திறந்து பார்த்தான். நாலு வரியும் இல்லாததைப் பார்த்துத் தலையாட்டினான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் இல்லன்னா ஜாப் நின்னிருக்கும். நீ இன்னா பண்ணுவ, வுடு" என்றான்.

இன்றுவரை அப்படித்தான் நம்புகிறான். ஐந்து பத்துக்கே அவனை உள்ளே அனுப்பியிருக்கலாம் என்பதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.